அம்பத்தூரில் சுருட்டுப் பெட்டிக்குத் தண்ணீர் எதற்கு?

சுருட்டு சேமிப்பவர்கள் நடுவே ஒரு சூத்திரம் வேதவாக்காகிவிட்டது. எழுபதுக்கு எழுபது. அதாவது 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், 70 சதவீத ஈரப்பதம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மைத்துனர் பளபளப்பான மரப்பெட்டி ஒன்றைக் கையில் கொடுக்கிறார். அதற்குப் பெயர் ஹியூமிடார். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவும், மூடியில் பொருத்தியிருக்கும் பஞ்சில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவும், பஞ்சு காயக் காய மறுபடி ஊற்றவும். வாங்கியவரும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வைத்திருக்கும் தண்ணீரை எடுத்து பக்தியோடு ஊற்றுகிறார். ஐப்பசி முடிவதற்குள் சுருட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூக்கிறது. பஞ்சில் ஊற்றிய நீர் போதவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது.

அந்தச் சூத்திரம் நம் ஊருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. தவறு அளவில் இல்லை, திசையில் இருக்கிறது. அது ஈரம் சேர்க்கச் சொல்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் நாம் செய்ய வேண்டியது ஈரத்தை வெளியே நிறுத்துவது.

அந்தப் பெட்டி எங்கே பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெனீவாவில் டேவிடாஃப் குடும்பத்தின் கடை, லண்டன் டியூக் தெருவில் ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் திறந்த கடை. ஹியூமிடார் பெயர் பெற்றது இத்தகைய இடங்களில். அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்று 5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்ந்த காற்று சுமக்கும் நீராவி மிகக் குறைவு, கன மீட்டருக்கு 6 கிராம்கூட வராது. அதே காற்றை வீட்டுக்குள் விட்டுக் கணப்பு மூட்டி 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த அறையில் திறந்து வைத்த சுருட்டு சில நாட்களில் சருகாகும், மேல் இலை உடைந்து உதிரும். அந்த மக்களுக்கு நீர் ஊறிய பஞ்சு தேவைப்பட்டது. அவர்களுடைய பெட்டி அவர்களுடைய துன்பத்துக்குச் சரியான மருந்து.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மழை இல்லாத ஒரு சாதாரண மாலை, அம்பத்தூர் ஓ.டி.யில் 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். இந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 21 கிராம் நீராவி இருக்கிறது. சூத்திரம் கேட்கும் 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியே மொத்தம் 18 கிராம்தான். நம் மாலைக் காற்றை அப்படியே பிடித்து 21 டிகிரிக்குக் குளிர்வித்தால் 70 சதவீதம் வராது. நூறைத் தாண்டி நீர்த்துளியாகச் சொட்டும். காற்று பனித்து நீராகத் தொடங்கும் வெப்பத்தைப் பனிப்புள்ளி என்கிறோம். சென்னையில் மார்கழி, தை நீங்கலாகப் பெரும்பாலான நாட்களில் பனிப்புள்ளியே 21 டிகிரிக்கு மேலே நிற்கிறது. சூத்திரம் கேட்கும் வெப்பநிலையில் நம் ஊர்க் காற்று காற்றாகவே முழுதாக இருக்க முடியாது என்றால், அந்தச் சூத்திரத்தை என்னவென்று பின்பற்றுவது?

பணம் உள்ளவர்கள் இதற்கு ஒரு வழி சொல்வார்கள். ஒயின் வைக்கும் சின்னக் குளிர்பெட்டியை வாங்கி 18 டிகிரியில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்பார்கள். தீராது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வெளியே உள்ள கனத்த காற்று உள்ளே போய்க் குளிர்ந்த தட்டின் மேல் வியர்க்கும். ரப்பர் பட்டை இறுகப் பொருந்தாத இடத்தில் இந்த வேலை இரவும் பகலும் ஓசையின்றி நடக்கும். இது போக மின்சாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது, புறநகரில் பல தெருக்கள் இருளில் கிடந்தன. குளிர்பெட்டியை மட்டும் நம்பிச் சேமிப்பவர் அப்படிப்பட்ட வாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டை இது. லேத் பட்டறையில் கடைந்த உருப்படிக்கு எண்ணெய் தடவி, துருத்தடுப்புத் தாளில் சுற்றித்தான் லாரி ஏற்றுவார்கள். ஏற்றுமதிச் சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது சிலிகா ஜெல் பொட்டலம் போட மறந்தால் சரக்கு பூஞ்சணத்தோடு திரும்பி வரும் என்று பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியும். வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு உப்பிக்கொண்டு சட்டத்தில் மாட்டும், தீப்பெட்டி நமத்துப்போகும், கல்லுப்பு ஜாடியில் நீர் விடும். இத்தனையும் அன்றாடம் கண்ணால் பார்க்கிறவர், சுருட்டுப் பெட்டி என்று வந்ததும் கையில் தண்ணீர்க் குப்பியை எடுத்துவிடுகிறார். தான் பார்த்ததைவிட அச்சிட்ட காகிதத்துக்கு அதிக மரியாதை தருகிறார்.

ஈரத்துணியால் பெட்டியைத் துடைக்கும் சடங்கு இதில் மிக மோசமானது. ஜெனீவாவின் குளிர்காலத்தில் மரம் எலும்பாய்க் காய்ந்திருக்கும். அதற்கு முதலில் குடிக்கக் கொடுக்காவிட்டால் அது சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் துடைத்தார்கள். திருமுல்லைவாயில் வீட்டின் அலமாரியில் மழைக்காலம் முழுதும் கிடந்த மரம் ஏற்கனவே வயிறு நிறையக் குடித்திருக்கிறது. அதை மேலும் நனைப்பவர் பூஞ்சணத்துக்குத் தன் கையாலேயே நாற்றங்கால் போடுகிறார்.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டமும் உண்டு. நம் ஊர்க் காற்றே எழுபது சதவீதம், பெட்டியே வேண்டாம், மேசை இழுப்பறை போதும் என்பது அவர்கள் கட்சி. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அவர்கள் சொல்வது போலத்தான். சுருட்டு சராசரியில் வாழ்வதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மேற்குக் காற்று வீசும் பகலில் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வெப்பம் 40ஐத் தொடும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே போகும். மெரினாவில் நண்பகலில் புகும் கடற்காற்று பட்டாபிராமுக்கு வந்து சேர மாலையாகிவிடும், சில நாள் வராமலே போகும். வந்தவுடன் ஈரப்பதம் மளமளவென்று ஏறி, விடியற்காலையில் 80ஐத் தாண்டும். கடலோரத்தைவிட மேற்குப் புறநகரில் இந்த ஏற்றஇறக்கம் அதிகம். மேல் இலை மெல்லியது, முதலில் அதுதான் குடிக்கும், முதலில் அதுதான் காயும். உள்ளே கனமாகச் சுருட்டிய இலை மெதுவாகத்தான் பின்தொடரும். ஒன்று உப்ப, ஒன்று சுருங்க, தோல் வெடிக்கும். இரவில் ஏசி, பகலில் பூட்டிய அறை என்று வாழும் வீடுகளில் இதே கூத்து கோடை முடிந்த பிறகும் தொடரும். பெட்டி வேண்டும். அதற்குள் தண்ணீர் ஊற்றும் வேலைதான் வேண்டாம்.

கியூபாவும் நம்மைப் போல வெக்கையும் ஈரமும் நிறைந்த நாடுதானே, அங்கே சுருட்டு நன்றாக இருக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு, அங்கே நடப்பதைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்வேன். சுருட்டுவதற்காக இலையை நனைத்துப் பதமாக்குகிறார்கள். சுருட்டிய பின் அதை அப்படியே பெட்டியில் போட்டுவிடுவதில்லை. செடார் மரம் பதித்த குளிர்ந்த அறையில் அடுக்கி, மிகையான ஈரம் போகும்வரை வாரக்கணக்கில் ஆற வைக்கிறார்கள். ஹவானாவின் தொழிற்சாலைகளில் அந்த அறை செய்வது உலர்த்தும் வேலை. ஈரமான நாட்டில் சுருட்டு செய்கிறவர்கள் நமக்குக் காட்டும் முன்மாதிரி அதுதான். நாமோ அதை விட்டுவிட்டுக் குளிர்நாட்டுக் கடைக்காரரின் பஞ்சைப் பிடித்துக்கொண்டோம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். புகையிலையும் ஈரமும் பற்றித் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையும் திருச்சி உறையூரின் சுருட்டுத் தொழிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பெயர் வாங்கியவை. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே துப்பறிவாளர் சொல்லிவிடுவார். அந்த அளவுக்கு லண்டன் வாசகருக்கு அது பழகிய சரக்கு. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அமைந்தது.

அந்த வட்டாரத்தில் இலையைப் பதப்படுத்துவதைப் பாடம் செய்வது என்பார்கள். அறுத்த இலையை வாட்டி, அம்பாரமாக அடுக்கி, மூடி வைப்பார்கள். உள்ளே வெப்பம் தானாக ஏறும். கை வைத்துப் பார்த்து, மிஞ்சிப் போகுமுன் பிரித்து, மேலே இருந்ததைக் கீழும் கீழே இருந்ததை மேலும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். கமறலைத் தரும் அம்மோனியா இந்தக் கட்டத்தில்தான் பெருமளவு வெளியேறுகிறது. சில இடங்களில் வெல்லப்பாகு தெளிப்பதும் உண்டு. இந்த வேலை முழுவதிலும் அடுக்குபவரின் கவலை ஒன்றுதான்: ஈரம் குறைந்தால் இலை நொறுங்கும், ஈரம் மிஞ்சினால் அம்பாரமே அழுகும். இரண்டுக்கும் நடுவே அவர் நாள்தோறும் கையால் அளந்துகொண்டிருப்பார். தண்ணீரைச் சேர்ப்பது போலவே எடுப்பதும் அங்கே ஒரு கலை. நம் சேமிப்பாளர்கள் இந்தப் பாதியை மறந்துவிட்டார்கள்.

பூஞ்சணத்துக்கு அடுத்த எதிரி வண்டு. பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், சுருட்டில் குண்டூசி குத்தியது போல ஓட்டை போடும். இது வெளிநாட்டுப் பூச்சி என்று எண்ண வேண்டாம். மளிகை டப்பாவில் மஞ்சளையும் மல்லியையும் துளைப்பதும் இதே இனம்தான். 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 70 சதவீத ஈரமும் அதற்குச் சொர்க்கம், முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம் போதும். 20 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். சூத்திரத்தில் 70 ஃபாரன்ஹீட் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். வெப்பத்தைக் குறைக்க முடியாமல், ஈரத்தை மட்டும் விசுவாசமாக எழுபதில் பிடித்து வைக்கும் அம்பத்தூர்க்காரர் பாதிச் சூத்திரத்தை மட்டுமே நிறைவேற்றுகிறார். அந்தப் பாதியால் வண்டு கொழுக்கிறது.

பெட்டியின் வெப்பத்தைக் குறைக்காமலே வண்டை ஒழிக்கலாம். சுருட்டை இரண்டு ஜிப் உறைகளில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எடுக்கும்போதும் நிதானம் வேண்டும். மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, பிறகு வெளியே. உறையை உடனே திறக்கக் கூடாது. சுருட்டு அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். பனிப்புள்ளி 24 டிகிரியில் நிற்கும் ஊரில் குளிர்ந்த சுருட்டை வெளியே எடுத்தால் பீர் பாட்டிலைப் போல வியர்த்துவிடும். கியூபாவின் ஏற்றுமதிச் சரக்கையும் உறைவித்துத்தான் அனுப்புகிறார்கள் என்றாலும், நடுவில் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. வீட்டில் ஒருமுறை செய்துவிடுவதில் நட்டமில்லை. உள்ளூர்ச் சுருட்டுக்கு இது கட்டாயம் என்பேன்.

வண்டு போனபின் 21 டிகிரி என்ற கவலையும் பாதி போய்விடுகிறது. 26, 28 டிகிரியில்கூட சுருட்டு நன்றாக இருக்கும், ஈரத்தை 62இலிருந்து 65 சதவீதத்துக்குள் பிடித்து வைத்தால். பூஞ்சணம் தலையெடுப்பது 70ஐத் தாண்டிய பிறகுதான். எழுபதைக் குறியாக வைப்பவர் பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்கிறார். ஐந்து புள்ளி பின்வாங்கி நின்றால் ஒரு மழைநாளின் தவறைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும். இந்த அளவில் சுருட்டு சீராக எரியும், பாதியில் அணையாது என்பது கூடுதல் ஆதாயம்.

அழகு மரப்பெட்டியைவிட ரப்பர் பட்டையோடு அழுந்த மூடும் பிளாஸ்டிக் டப்பா நம் ஊருக்கு மேல். வெப்பம் ஏறி இறங்காமல் இருக்க அதை ஒரு தெர்மகோல் பெட்டிக்குள், மீன்காரர் ஐஸ் போடுவது போன்ற பெட்டிக்குள் வைத்து, மொட்டை மாடிக்கு நேர் கீழே இல்லாத, வெயில் படாத உள்ளறையில் தரையோரம் வைக்கலாம். ஈரத்தைக் கூடவும் குறையவும் இருபுறமும் சரிசெய்யும் உப்புக் கரைசல் பொட்டலங்கள் கிடைக்கின்றன. அதில் 65 என்று போட்டதை வாங்க வேண்டும். சாதாரண சிலிகா ஜெல்லை அள்ளிப் போட்டுவிடக் கூடாது, அது சுருட்டைச் சருகாக்கும்வரை நிறுத்தாது. உள்ளே செடார் பலகை வேண்டும் என்றால் நம் மலைகளிலேயே சந்தன வேம்பு இருக்கிறது. சுருட்டுப் பெட்டிக்குப் பெயர்போன அமெரிக்கச் செடாருக்கு நெருங்கிய உறவு, இரண்டும் வேம்பின் குடும்பம். அந்த மரத்தில் சுருட்டுப் பெட்டி செய்யும் வழக்கம் இந்தியாவில் முன்பே உண்டு.

ஈரமானியை நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். பெட்டிக் கண்ணாடியில் முள்ளோடு வரும் கடிகாரம் போன்ற கருவி பெரும்பாலும் அலங்காரம்தான், பத்துப் புள்ளி பொய் சொன்னாலும் வியப்பில்லை. சின்ன டிஜிட்டல் கருவி வாங்குங்கள். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை எடுத்து, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சொட்டு நீர் விட்டு, கருவியோடு ஜிப் உறையில் மூடி வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே 75 சதவீதம் நிற்கும். கருவி எவ்வளவு காட்டுகிறதோ அதிலிருந்து பிழையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கல்லுப்பு வேண்டாம். அதில் மக்னீசியம் உப்புகள் கலந்திருப்பதால் கணக்கு கீழே இழுக்கும்.

சுருட்டால் வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வரும். புகையை உள்ளே இழுப்பதில்லை என்ற சமாதானம் வாயைக் காப்பாற்றாது. இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று உளமாறச் சொல்கிறேன். இங்கே நான் எழுதுவது ஏற்கனவே அலமாரியில் வைத்திருப்பவருக்காக. முனீஸ்வரன் படையலுக்கு வாங்கி வைத்த கட்டுக்கும் இது பொருந்தும். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உள்ளே ஊடுருவியதைத் துணி எடுக்காது. அதைத் தூக்கி எறிய வேண்டும்.

கடைசியாக வயது. பழசாகப் பழசாகச் சுருட்டு மேம்படும் என்ற நம்பிக்கைதான் இத்தனை தண்ணீரையும் ஊற்ற வைக்கிறது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லை உள்ள உண்மை. சுருட்டிய பின்னும் இலைக்குள் மிச்சமிருக்கும் அம்மோனியா மெல்ல வெளியேறும், கமறல் அடங்கும். அதே காலத்தில் மணம் தரும் எண்ணெய்களும் ஆவியாகிக்கொண்டிருக்கும். கமறல் குறைவதும் மணம் குறைவதும் சேர்ந்தே நடக்கிற வேலைகள், வெப்பமான இடத்தில் இரண்டும் வேகமெடுக்கும். லண்டன் நிலவறையில் 16 டிகிரியில் பத்தாண்டு கிடந்த சுருட்டின் கதையை 28 டிகிரி அம்பத்தூர் அறைக்குப் பொருத்துவது நியாயமில்லை. பாடம் சரியாகச் செய்யாத இலை பெட்டிக்குள் கிடந்து பாடமாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அம்பாரத்தின் வெப்பம் செய்ய வேண்டியதை அலமாரி செய்யாது.

தடித்த, காரமான சுருட்டு நம் ஊர் வெப்பத்தில் இரண்டு ஆண்டுவரை நன்மை பெறலாம் என்பது என் கணிப்பு. மெலிதானதும் மென்மையானதும் ஓராண்டு தாண்டினால் மணத்தை இழக்கத் தொடங்கும். திருச்சி, திண்டுக்கல் சுருட்டு காய்ந்த பதத்தில் பிடிக்கவே செய்யப்பட்டது. அதை எழுபதில் ஊற வைத்தால் நமத்து, இழுக்க வராமல், ஒருபக்கமாக எரியும். அந்தக் கட்டை வாங்கியவர் உறைவித்து, இறுக்கமான டப்பாவில் 60 சதவீதத்தை ஒட்டி வைத்து, அடுத்த ஐப்பசிக்குள் தீர்த்துவிடலாம்.